எண்ணெயைக் கொறச்சா டிப் அண்ணத்துல ஒட்டுது, காயும் கடலையும் வச்சு லேசா பண்றது எப்படி?

கேரட்பிரியை
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு எண்ணெய் கொழுப்பெல்லாம் கொறைக்கச் சொல்லியிருக்காங்க. ஆனா சாயங்காலம் ஆச்சுன்னா வெள்ளரிக்காய், கேரட் நறுக்கி ஏதாவது ஒரு டிப்ல தொட்டு சாப்பிடுறது அவருக்கு ரொம்ப பிடிக்கும், அதை நிறுத்த எனக்கு மனசு வரல. அதனால வீட்லயே லேசா பண்ணலாம்னு இறங்கினேன். 100 கிராம் கொண்டைக்கடலையை ராத்திரி ஊறவச்சு, காலைல குக்கர்ல வச்சு, தண்ணிய வடிச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டேன். சாயங்காலம் அதை எடுத்து ஒரு கேரட்டை வேகவச்சுப் போட்டு, பூண்டு, எலுமிச்சை, உப்பு சேர்த்து மிக்சில அரைச்சேன். நான் பாத்த செய்முறைல கால் கப் ஆலிவ் எண்ணெய், கால் கப் தஹினி (எள்ளு விழுது) இருந்துச்சு, ரெண்டையும் மொத்தமா விட்டுட்டு அதுக்குப் பதிலா பச்சைத்தண்ணி ஊத்தினேன்.

வந்தது திப்பி திப்பியா நறநறன்னு ஒரு மாவு. வாயில வச்சா மேல் அண்ணத்துல ஒட்டுது, முழுங்க தண்ணி குடிக்க வேண்டியிருக்கு. இன்னும் தண்ணி விட்டா நீர்த்துப் போகுது, மறுநாள் பாத்தா மேல தண்ணி தனியா நிக்குது. அப்பா ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டார், அது எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு. எங்க தப்பு பண்றேன்னு சொல்லுங்க. எண்ணெய் இல்லாம இது நல்லா வருமா வராதா?

ஊறவச்சகடலை
வரும் சிஸ்டர், கண்டிப்பா வரும். ஆனா முழுசா பூஜ்யம் ஆக்க வேண்டாம், அதை அப்புறம் சொல்றேன். முதல்ல கணக்கைப் பாத்துடலாம், ஏன்னா எங்க கொறைக்கணும்னு தெரிஞ்சாதான் எங்க விடணும்னு தெரியும். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் சுமாரா 14 கிராம், 120 கலோரி. கால் கப்னா 4 டேபிள்ஸ்பூன், ஆக 480. தஹினி ஒரு டேபிள்ஸ்பூன் 90 கலோரி கிட்ட, 4 போட்டா 360. நீங்க ஊறவச்ச 100 கிராம் கடலை வெந்தா 240, 250 கிராம் வரும், அது மொத்தமே 410 கலோரிதான். அதாவது அந்த செய்முறைல கடலையோட பங்கை விட எண்ணெய், எள்ளோட பங்கு ரெண்டு மடங்கு. எந்த எண்ணெயா இருந்தாலும் இதே கணக்குதான், ஆலிவ் எண்ணெய் நல்லதுன்னு சொல்றதால அதுல கலோரி கம்மின்னு அர்த்தம் இல்ல.

இப்ப உங்க தப்புக்கு வரேன். மூணு தப்பு தெரியுது எனக்கு. கடலை போதுமான அளவு வேகல. வெந்த தண்ணியக் கொட்டிட்டீங்க. ஃப்ரிட்ஜ்ல இருந்து ஜில்லுனு எடுத்து அரைச்சிருக்கீங்க. எண்ணெய் என்ன பண்ணிட்டு இருந்துச்சுன்னா இந்த மூணு தப்பையும் மூடி மறைச்சிட்டு இருந்துச்சு, எண்ணெயை எடுத்ததும் எல்லாம் வெளிய வந்துடுச்சு.

கேரட்பிரியை
ஐயோ, கடலை வெந்துதான் இருந்துச்சுங்க. கையில அமுக்கிப் பாத்தேன், உடைஞ்சுது.

ஊறவச்சகடலை
உடையுறது வேற, மசியுறது வேற. கடிச்சு சாப்பிடுற பதத்துல உடைஞ்சா போதும், டிப்புக்கு அது பத்தாது. ஒரு கடலையை எடுத்து கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு, அழுத்தாம, சும்மா தேய்ச்சுப் பாருங்க. தோல் வழுக்கிட்டு வெளிய வரணும், உள்ள இருக்கறது வெண்ணெய் மாதிரி விரல் ரேகைக்குள்ள போய் உக்காரணும். நடுவுல ஒரு சின்ன மணல் மாதிரி தட்டுப்பட்டாக் கூட அது இன்னும் வேகணும்னு அர்த்தம். அந்த மணலைத்தான் நீங்க நறநறன்னு சொல்றீங்க, எவ்ளோ நேரம் மிக்சி ஓட்டினாலும் அது போகாது, மிக்சி சூடாகுறதுதான் மிச்சம். வழக்கமா வைக்கிறதுக்கு மேல சின்னத் தீயில இன்னும் 10, 15 நிமிஷம் விடுங்க. குழைஞ்சு உருத்தெரியாம போனாக்கூட பரவால்ல, டிப்புக்கு அதுதான் வேணும்.

வடிகட்டி
இதுல நான் ஒண்ணு சேர்க்கறேன். எவ்ளோ வேகவச்சாலும் மசியலன்னா தண்ணியப் பாருங்க. எங்க வீட்ல கடினத்தண்ணி, அதாவது கால்சியம், மெக்னீசியம் அதிகமா இருக்கற தண்ணி. அது கடலையோட தோல்ல இருக்கற பெக்டின்ங்கிற பசைப்பொருளோட சேர்ந்து இறுக்கிடும், கடலை கல்லு மாதிரி நிக்கும். எனக்கு இது தெரியாம ரெண்டு வருஷம் கடலைதான் பழசுன்னு நெனச்சிட்டு இருந்தேன் (பழைய கடலையும் வேகாதுதான், அது இன்னொரு காரணம்). இப்ப ஃபில்டர் தண்ணில ஊறவச்சு ஃபில்டர் தண்ணிலயே வேகவைக்கிறேன், அதுல கால் டீஸ்பூன் ஆப்ப சோடா போட்டா பத்தே நிமிஷத்துல பாதி தோல் தானா கழண்டு மேல மிதக்குது.

முக்கியமா, எலுமிச்சை, தக்காளி, வினிகர் எதுவும் வேகும்போது போடாதீங்க. புளிப்பு சேர்ந்தா கடலை வேக மறுக்கும். எல்லாம் அரைக்கும்போதுதான்.

நிதானமாசமை
சோடா விஷயத்துல எனக்கு உடன்பாடு இல்லைங்க. சோடா போட்டு வேகவச்சா பி1 வைட்டமின் அழியும், அளவு கொஞ்சம் தாண்டினா சோப்பு மாதிரி ஒரு வாடை வரும், அது எலுமிச்சைக்கும் அடங்காது. அதோட சோடாவும் சோடியம்தானே, அவங்க அப்பாவுக்கு பிரஷர் இருந்தா அதையும் பாக்கணும். ஊறவைக்கிற தண்ணில ஒரு டீஸ்பூன் உப்பு போடுங்க, காலைல அந்தத் தண்ணியக் கொட்டிட்டு நல்லா அலசிடுங்க. உப்புல இருக்கற சோடியம் தோல்ல இருக்கற கால்சியத்தைத் தள்ளிட்டு அந்த இடத்துல உக்காருது, தோல் மெதுவாகிடும். உப்பு போட்டா கடலை வேகாதுன்னு எல்லாரும் சொல்வாங்க, எங்க அம்மாவும் அப்படித்தான் சொல்வாங்க, ஆனா நான் ரெண்டு கிண்ணத்துல பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டேன், உப்புத்தண்ணில ஊறினதுதான் முதல்ல வெந்துச்சு.

வடிகட்டி
@நிதானமாசமை வாடை பத்தி நீங்க சொல்றது சரிதான், நானும் ஒரு தடவை அரை டீஸ்பூன் போட்டு மொத்தத்தையும் வீணாக்கிருக்கேன். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு, சோடாவை ஊறவைக்கிற தண்ணில மட்டும் போட்டு, அதைக் கொட்டி அலசிட்டு நல்ல தண்ணில வேகவைக்கலாம். வேகவச்ச தண்ணிய டிப்புல ஊத்தப் போறோம், அதனால அதுல சோடா இல்லாம இருக்கறதுதான் நல்லது. இதுல நான் உங்க பக்கம் வந்துடறேன்.

இன்னொரு விஷயம், குக்கர்ல பாதிக்கு மேல கடலையும் தண்ணியும் சேர்ந்து ஏறக்கூடாது. நுரை வரும், கழண்ட தோல் போய் வெயிட் ஓட்டைய அடைச்சுக்கும்.

பசிச்சவன்
தோலை எல்லாம் ஒண்ணு ஒண்ணா உரிக்கணுமா? ஒரு வீடியோல அப்படித்தான் பண்ணாங்க, பாத்ததும் இந்த வேலையே வேணாம்னு விட்டுட்டேன்

நிதானமாசமை
வேண்டாம் தம்பி. நல்லா வெந்திருந்தா தோலும் சேர்ந்தே அரைபடும். லேசா பண்ணணும்னு நெனக்கிறவங்க தோலைத் தூக்கிப் போடறதுல அர்த்தமே இல்ல, நார்ச்சத்துல ஒரு பங்கு அங்கதான் இருக்கு. வெந்த கொண்டைக்கடலை 100 கிராம்ல 7 கிராமுக்கு மேல நார்ச்சத்து, 9 கிராம் கிட்ட புரதம். அப்பாவுக்கு வயிறு நெறையணும்னா அது வேணும். மேல மிதக்கறதை மட்டும் கரண்டியால அள்ளிப் போட்டா போதும்.

ரோஸ்ட்பண்ணு
எல்லாரும் கடலையைப் பத்தியே பேசறீங்க, கேரட்டை யாரும் கவனிக்கல! சிஸ்டர், மேல தண்ணி நிக்கிறதுக்குக் காரணம் வேகவச்ச கேரட். கேரட்ல 88 சதவீதம் தண்ணி, கத்திரிக்காய், குடைமிளகாய், காலிஃப்ளவர் எல்லாம் 92 கிட்ட, சுக்கினி 95. இதைத் தண்ணில போட்டு வேகவச்சு அப்படியே அரைச்சா அந்தத் தண்ணி எங்க போகும், ராத்திரி முழுக்க மெதுவா வெளிய வந்து மேல நிக்கும். ருசியும் கரைஞ்சு அந்தத் தண்ணியோடயே போயிருக்கும்.

காயை ரோஸ்ட் பண்ணுங்க. ஓவன்ல 200 டிகிரி, விரல் மொத்தத்துக்கு நறுக்கி, ஒரு டீஸ்பூன் எண்ணெயை கையில ஊத்தி காய் மேல எல்லாம் படற மாதிரி பெசறி, ட்ரேல ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம பரப்பி வைங்க. நெருக்கி அடைச்சா அது விடுற ஆவிலயே வெந்துடும், ரோஸ்ட் ஆகாது. 25, 30 நிமிஷத்துல ஓரம் எல்லாம் சுருங்கி, முனை பழுப்பாகி, கேரட்டோட வாசனையே மாறும், பச்சை வாடை போய் ஒரு இனிப்பு வாசனை அடுப்படி முழுக்க வரும். அப்ப ஒரு துண்டை எடுத்து முள்கரண்டியால அமுக்கினா தண்ணி ஒழுகாம அப்படியே மசியணும். 200 கிராம் பச்சைக் கேரட் 150 கிராமாத் திரும்பி வரும், அந்தப் போன 50 கிராம்தான் உங்க டிப் மேல நின்ன தண்ணி.

ஓவன் இல்லன்னா ஏர் ஃப்ரையர், அதுவும் இல்லன்னா கனமான வாணலில மூடாம, அவசரப்படாம. மூடி போட்டா திரும்ப ஆவிதான்.

எனக்குப் பிடிச்சது காலிஃப்ளவர். அதுக்குன்னு பெருசா ஒரு ருசி கெடையாது, அதனால கடலையோட சண்டை போடாது, ஆனா அரைச்சா க்ரீம் மாதிரி ஒரு வழவழப்பு குடுக்கும். பாதி கடலை, பாதி ரோஸ்ட் பண்ண காலிஃப்ளவர் போட்டு எத்தனை பேருக்கு குடுத்திருக்கேன், ஒருத்தர் கூட காலிஃப்ளவர்னு கண்டுபிடிச்சதில்ல. சுக்கினியா இருந்தா துருவி, உப்பு போட்டு 15 நிமிஷம் வச்சு, துணில கட்டிப் பிழிஞ்சுட்டுதான் வாணலிக்கே போகணும். கத்திரிக்காயைத் தீயில சுட்டா தோலை எடுத்துட்டு சல்லடைல அரை மணி நேரம் விடுங்க, அடியில சேர்ற கசப்புத் தண்ணியக் கொட்டிடுங்க.

வேலைமுடிச்சுசமையல்
நான் டின்ல வர்ற கடலைதான் வாங்குறேன், ராத்திரி ஊறவைக்கிறதெல்லாம் ஞாபகம் இருக்காது, வேலை முடிச்சு வரவே எட்டு மணி. டின்ல லேசா பண்ண முடியுமா? உப்பு அதிகம்னு வேற சொல்றாங்க.

வடிகட்டி
தாராளமா முடியும். வடிச்சு ஓடுற தண்ணில நல்லா அலசினாலே சோடியம் 40 சதவீதம் கிட்ட கொறையும். ஆனா டின் கடலை அப்படியே அரைக்க ஏத்த பதம் இல்ல, சாலட்ல உருண்டையா நிக்கணும்னு வேகவச்சது அது. அதனால அலசிட்டு, மூழ்கற அளவு புதுத்தண்ணி ஊத்தி, ஒரு 20 நிமிஷம் கொதிக்க விடுங்க. உங்களுக்கு அரைக்கத் தேவையான தண்ணியும் அதுலயே கிடைச்சிடும். டின்ல இருக்கற கொழகொழப்புத் தண்ணியும் வீண் இல்ல, 2014ல பிரான்ஸ்ல ஒருத்தர் அதை அடிச்சா முட்டை வெள்ளைக்கரு மாதிரி நுரைக்கும்னு கண்டுபிடிச்சு, அடுத்த வருஷம் அதுக்கு அக்வாஃபாபான்னு பேரே வச்சுட்டாங்க. உப்பு இல்லாத டின்னா இருந்தா அதுல ரெண்டு ஸ்பூன் ஊத்தி அரைச்சுப் பாருங்க, டிப் நல்லா உப்பிட்டு வரும்.

ஊறவச்சகடலை
வெந்த தண்ணிய ஏன் கொட்டக்கூடாதுன்னு நான் சொல்லாம விட்டுட்டேன். கடலை வேகும்போது மாவுச்சத்து, புரதம், பெக்டின் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அந்தத் தண்ணில எறங்கும், ஆறினா லேசா ஜெல்லி மாதிரி நிக்கறதைப் பாத்திருப்பீங்க. எண்ணெய் குடுக்கற வழவழப்புல ஒரு பாதியை அது குடுக்கும், கலோரி ரொம்பக் கம்மி. பச்சைத்தண்ணியால அது முடியாது, அது நீர்க்க மட்டும்தான் செய்யும்.

அப்புறம் சூடு. கடலை சூடா இருக்கறப்ப அதோட மாவுச்சத்து இளகி இருக்கும், அப்ப அரைச்சாதான் மையா அரையும். ஃப்ரிட்ஜ்ல போனா அது திரும்ப இறுகிடும், அப்புறம் எவ்ளோ அரைச்சாலும் பொடிப்பொடியாத்தான் உடையும். அதே காரணத்தால அரைச்ச டிப்பும் ஆறினா கெட்டியாகும், அதனால நீங்க நெனக்கிற பதத்தை விட கொஞ்சம் தளர்த்தியா, கரண்டில எடுத்துக் கவுத்தா மெதுவா வழியுற மாதிரி நிறுத்திக்கங்க.

ஒரு எச்சரிக்கை, சூடான பொருளை மிக்சில போட்டு மூடியை இறுக்கிட்டு ஓட்டினா ஆவி மூடியைத் தள்ளும். எனக்கு ஒரு தடவை முழங்கை வரைக்கும் பட்டுச்சு. கை பொறுக்கற சூட்டுக்கு வந்ததும், ஜார்ல பாதி மட்டும் போட்டு, விட்டு விட்டு ஓட்டுங்க.

பசிச்சவன்
கொண்டைக்கடலைக்குப் பதிலா ராஜ்மா போடலாமா அண்ணா, வீட்ல அதுதான் நெறைய கிடக்கு. ஸ்லோ குக்கர்ல காலைல போட்டுட்டுப் போனா சாயங்காலம் ரெடியா இருக்கும்ல

நிதானமாசமை
தம்பி, ராஜ்மா போடலாம், ஸ்லோ குக்கர்ல நேரா போடக்கூடாது. இதை கொஞ்சம் கவனமா படிங்க, நீங்க மட்டும் இல்ல இந்தப் பக்கம் வர்ற எல்லாரும். பச்சை ராஜ்மால லெக்டின்னு ஒரு நச்சுப் பொருள் இருக்கு, சிவப்பு ராஜ்மால ரொம்ப அதிகம். சரியா வேகாம நாலஞ்சு கொட்டை சாப்பிட்டாலே சில மணி நேரத்துல வாந்தி, வயித்துப்போக்கு வரும். நல்லாக் கொதிக்கிற சூட்டுலதான் அது அழியும். ஸ்லோ குக்கர் அந்தச் சூட்டுக்குப் போகாம கீழயே நிக்கலாம், 80 டிகிரி மாதிரி அரைகுறை சூட்டுல அது பச்சையா இருந்ததை விட மோசமாகும்னு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே சொல்லியிருக்கு. அவங்க சொல்றது, குறைஞ்சது 5 மணி நேரம் ஊறவச்சு, அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, புதுத்தண்ணில தளதளன்னு கொதிக்க விடணும். 10 நிமிஷத்துல அழிஞ்சுடும், ஆனா உள்வரைக்கும் சூடு போகணும்னு 30 நிமிஷம் சொல்றாங்க. பிரஷர் குக்கர்ல மசிய வேகவச்சா கவலையே இல்ல. டின் ராஜ்மா ஏற்கனவே வெந்ததுதான்.

பசிச்சவன்
சத்தியமா தெரியாது, நாளைக்கே போட்டிருப்பேன். ரொம்ப நன்றி.

கேரட்பிரியை
மூணு நாள் கழிச்சு வரேன், நேத்து பண்ணேன்! உடனே எழுதணும்னு ஒரே துடிப்பா இருக்கு.

உப்புத்தண்ணில ஊறவச்சேன், அலசி ஃபில்டர் தண்ணில வேகவச்சேன், முதல் தடவை தொறந்தப்ப விரல்ல தேய்ச்சுப் பாத்தா நடுவுல அந்த மணல் இருந்துச்சு, நீங்க சொல்லலன்னா வெந்துடுச்சுன்னு எறக்கியிருப்பேன். இன்னொரு பதினைஞ்சு நிமிஷம் வச்சேன், கரண்டி பட்டாலே கொழைஞ்சுது. ஒரு கப் தண்ணிய எடுத்து வச்சுட்டு வெதுவெதுன்னு இருக்கறப்பவே மிக்சில போட்டேன். முதல்ல கடகடன்னு கனமா சத்தம், பிளேடு ஒரு பக்கமா குழி போட்டு சும்மா சுத்திட்டு இருந்துச்சு. வெந்த தண்ணி ஒரு ஸ்பூன், ஒரு ஸ்பூனா விட்டுட்டே வந்தேன், அஞ்சாவது ஸ்பூன்ல சத்தம் சட்டுனு மாறி மெத்துனு ஆச்சு, நடுவுல ஒரு சுழி விழுந்து மேல இருக்கறது தானா உள்ள இழுத்துட்டுப் போக ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் ரெண்டு நிமிஷம் ஓட்டினேன். நிறமே வெளுத்துப் போச்சு. ரோஸ்ட் பண்ண கேரட்டைப் போட்டதும் அழகான ஆரஞ்சு.

ஒட்டல, நறநறன்னு இல்ல. ஆனா ஒரே ஒரு கொறை, ருசி சப்புனு இருக்கு. அரைச்சப்ப நல்லாத்தான் இருந்துச்சு, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்தா உப்பே ஒறைக்கல. அதோட பூண்டு காரம் நாக்குல ராத்திரி வரைக்கும் நிக்குது, அப்பாவுக்கு நெஞ்செரிச்சல் மாதிரி இருக்குன்னார்.

ரோஸ்ட்பண்ணு
அருமை அருமை, அந்தச் சுழியைப் படிக்கும்போதே சந்தோஷமா இருக்கு.

ஜில்லுனு இருக்கற எதுவும் நாக்குக்கு ருசி கம்மியாத்தான் தெரியும். அதனால உப்பை அரைச்ச உடனே முடிவு பண்ணாதீங்க, ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் பாருங்க. ஆனா உப்பைக் கூட்டுறதுக்கு முன்னாடி புளிப்பைக் கூட்டிப் பாருங்க, அரை எலுமிச்சை சேர்த்தா பாதி நேரம் உப்பு தேவையே படாது. வறுத்துப் பொடிச்ச சீரகம் கால் ஸ்பூன். கேரட் இனிப்பு, அதுக்கு ஒரு சிட்டிகை மிளகாத்தூள் நல்லா சேரும்.

ஊறவச்சகடலை
முதல்லயே அப்புறம் சொல்றேன்னு சொன்னது இப்ப. ஒரு டேபிள்ஸ்பூன் தஹினியை உள்ள சேருங்க, ஒரு டீஸ்பூன் எண்ணெயை மேல விடுங்க. உள்ள ஊத்தி அரைச்ச எண்ணெய் எங்க போச்சுன்னே நாக்குக்குத் தெரியாது, கால் கப் ஊத்தினாலும் தெரியாது. தட்டுல பரப்பி, கரண்டி முதுகால வட்டமா ஒரு வாய்க்கால் இழுத்து அதுல ஒரே ஒரு டீஸ்பூன் விட்டா, எடுக்கற ஒவ்வொரு துண்டுலயும் முதல்ல நாக்குல படறது அந்த எண்ணெய்தான். பூண்டு, சீரகத்தோட வாசனையும் கொழுப்புலதான் நல்லாக் கரையும், அதனாலதான் பூஜ்யம் வேண்டாம்னு சொன்னேன்.

வடிகட்டி
பூண்டுக்கு ஒரு வழி. பூண்டு நசுங்கும்போதுதான் அந்தக் காரம் உண்டாகுது, முழுப்பல்லுல அது இல்ல. நசுக்கினதும் ஒரு நொதி வேலை செஞ்சு அல்லிசின்னு ஒண்ணு உருவாகும். புளிப்பு பட்டா அந்த நொதி அடங்கிடும். அதனால பூண்டை எலுமிச்சைச் சாத்துக்குள்ளயே போட்டு நசுக்கி ஒரு பத்து நிமிஷம் வச்சுட்டு, அந்தச் சாறோட சேர்த்து அரைங்க. வாசனை இருக்கும், எரிச்சல் இருக்காது. அப்பாவுக்கு அதுவும் ஒத்துக்கலன்னா கேரட்டோட ட்ரேல உரிக்காத ரெண்டு பல்லைப் போட்டு ரோஸ்ட் பண்ணிடுங்க, பிதுக்கினா பேஸ்ட்டா வரும்.

வேலைமுடிச்சுசமையல்
எங்க வீட்ல பையனுக்கு எள்ளு அலர்ஜி, தஹினி பக்கமே போக முடியாது. அதுக்கு என்ன பண்றது?

நிதானமாசமை
தயிர். துணில கட்டி, கிண்ணத்து மேல தொங்க விட்டு, ஃப்ரிட்ஜ்ல மூணு நாலு மணி நேரம் வச்சா தண்ணி வடிஞ்சு க்ரீம் சீஸ் மாதிரி ஆகிடும். கொழுப்பு கம்மியான பால்ல போட்ட தயிரே போதும். ஆனா அதை மிக்சில போடாதீங்க. பிளேடு பட்டா வடிகட்டின தயிர் உடைஞ்சு நீர்த்துடும், நீங்க பட்ட பாடெல்லாம் போயிடும். கடலையும் காயும் அரைச்சு நல்லா ஆறினதுக்கு அப்புறம் மூணு ஸ்பூன் தயிரை கரண்டியாலயே மெதுவா கலந்து விடுங்க. தயிர் போட்டா எலுமிச்சையைக் கொறைச்சுக்கங்க. வெளிய வாங்கற டிப்புல, மசாலாக் கலவைல எள்ளு இருக்கான்னு லேபிளைப் பாக்க மறக்காதீங்க, அமெரிக்கால 2023லதான் எள்ளைக் கட்டாயமா லேபிள்ல போட வேண்டிய அலர்ஜிப் பட்டியல்ல சேர்த்தாங்க, அதுக்கு முன்னாடி வெறும் மசாலான்னு போட்டே விட்டுட்டு இருந்தாங்க.

மெதுவாசெரிக்கும்
நான் ரொம்ப நாளா படிக்க மட்டும் செய்றவ, இன்னிக்கு எழுதறேன். கடலை வயித்தை உப்ப வைக்குதுன்னு விட்டவங்க யாராச்சும் இருந்தா சிவப்பு மைசூர் பருப்புல பண்ணிப் பாருங்க. தோல் இல்ல, ஊறவைக்கவே வேண்டாம், 15, 20 நிமிஷத்துல கரைஞ்சு கூழாகிடும், மிக்சி கூட தேவைப்படாது, மத்து போதும். அதோட ரோஸ்ட் பண்ண சிவப்பு குடைமிளகாய் சேர்த்தா அவ்ளோ நல்லாருக்கும். தண்ணி மட்டும் கவனிக்கணும், பருப்பு மூழ்கி ஒரு விரல்கடை மேல நின்னா போதும், அதிகமானா வத்தவைக்கறதுக்குள்ள அடி பிடிக்கும்.

கடலைதான் வேணும்னா ஊறின தண்ணியைக் கொட்டுங்க, வாயு உண்டாக்கற சர்க்கரைகள்ல ஒரு பங்கு அதுல போயிடும். முதல் வாரம் ரெண்டு ஸ்பூன் மட்டும் சாப்பிட்டு மெதுவா கூட்டுங்க, ஒரே நாள்ல கிண்ணத்தைக் காலி பண்ணா யாருக்கா இருந்தாலும் வயிறு உப்பத்தான் செய்யும்.

வேலைமுடிச்சுசமையல்
ஞாயித்துக்கிழமை மொத்தமா பண்ணி வாரம் முழுக்க வச்சுக்கலாமா?

வடிகட்டி
வாரம் முழுக்க வேண்டாம். ஃப்ரிட்ஜ்ல 4 டிகிரிக்குக் கீழ மூணு நாலு நாள், அதுக்கு மேல இல்ல. கடைல வாங்கறதுல பதப்படுத்தி இருக்கும், நம்ம பண்றதுல இல்ல. மேசைல வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க, தொட்டு சாப்பிட்ட மிச்சத்தைத் திரும்ப டப்பால கொட்டவே கூடாது, தேவையானதை மட்டும் சின்னக் கிண்ணத்துல எடுத்துக்கங்க. தயிர், பச்சைக்காய் சேர்க்காத அடிப்படை விழுதைச் சின்ன டப்பால போட்டு ஃப்ரீசர்ல வைக்கலாம். எடுத்து ராத்திரி ஃப்ரிட்ஜ்ல இளக விட்டு, ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டு அடிச்சா திரும்ப வரும். தயிர் போட்டது ஃப்ரீசர்ல திரிஞ்சிடும். பூண்டை எண்ணெயில போட்டு வெளிய வச்சு வாரக்கணக்குல பயன்படுத்தற பழக்கம் சிலருக்கு இருக்கு, தயவு செஞ்சு வேண்டாம், காத்து போகாத எண்ணெய்க்குள்ள பாட்டுலிசம் கிருமி வளரும், வாடையோ நிறமோ மாறாது, உயிருக்கே ஆபத்து.

கேரட்பிரியை
இந்தத் தடவை எல்லாத்தையும் எடை போட்டுப் பண்ணேன், வர்றவங்களுக்கு உதவட்டும்னு போடறேன். வெந்த கடலை 250 கிராம், ரோஸ்ட் பண்ண கேரட் 150 கிராம், தஹினி ஒரு டேபிள்ஸ்பூன், ரோஸ்ட்டுக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய், மேல விட ஒரு டீஸ்பூன், ஒன்றரை எலுமிச்சை, அந்தச் சாத்துல பத்து நிமிஷம் கிடந்த ஒரு பல் பூண்டு, வறுத்த சீரகம் கால் ஸ்பூன், வெந்த தண்ணி அஞ்சாறு ஸ்பூன், உப்பு முன்ன போட்டதுல முக்கால்வாசிதான். மொத்தம் 550 கிராம் கிட்ட வந்துச்சு. கணக்குப் போட்டா எல்லாம் சேர்ந்து 660 கலோரி, அதாவது 100 கிராமுக்கு 120. பழைய செய்முறை 400 கிராமுக்கு 1250 வருது, 100 கிராமுக்கு 300க்கும் மேல. பாதிக்கும் கம்மி!

நேத்து ராத்திரி வச்சதை இன்னிக்கு காலைல தொறந்து பாத்தேன், மேல ஒரு சொட்டு தண்ணி இல்ல.

சாயங்காலம் அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாம வச்சேன். வெள்ளரிக்காய் துண்டு தீந்தப்புறம் எழுந்து போய் அவரே இன்னொரு வெள்ளரிக்காயை எடுத்து நறுக்கிட்டு வந்தார். எனக்குப் பேச்சே வரல. உங்க எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

ஊறவச்சகடலை
இது போதும்மா எங்களுக்கு.

ரோஸ்ட்பண்ணு
அவருக்கு வெள்ளரிக்காய் பிடிச்சிருக்கே, அதுவே பெரிய விஷயம். டிப்பை லேசாப் பண்ணிட்டு பொரிச்ச சிப்ஸ்ல தொட்டா எல்லாக் கணக்கும் திரும்பிடும். அடுத்த தடவை காலிஃப்ளவர் தண்டைத் தூக்கிப் போடாம நீளமா நறுக்கி ஜில் தண்ணில போட்டு வச்சுக் குடுங்க, மொறுமொறுன்னு இருக்கும்.

பசிச்சவன்
பீட்ரூட் போட்டுப் பண்ணா வருமா? கேரட் மாதிரியே ரோஸ்ட் பண்ணணுமா

ரோஸ்ட்பண்ணு
வரும் தம்பி, நிறம் அள்ளும். ஆனா நறுக்கி வைக்காதீங்க, ஓரம் கருகிடும் உள்ள வேகாது. முழுசா, தோலோட, ஃபாயில்ல சுத்தி 200 டிகிரில ஒரு மணி நேரம், கத்தி எதிர்ப்பில்லாம உள்ள போகணும். ஆறினதும் விரலால தேய்ச்சாலே தோல் வந்துடும். கடலையில மூணுல ஒரு பங்குக்கு மேல போட்டா மண் வாடை தூக்கலா தெரியும், அதனால முதல் தடவை கம்மியாவே போடுங்க. எலுமிச்சை கூட்டிக்கங்க. பண்ணிட்டு எப்படி வந்துச்சுன்னு இங்கயே எழுதுங்க.